மருந்துச்சீட்டைத் திறந்தது யார்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத் தலைநகரான ஆல்பனியில், 1970-களில், சுகாதாரத் துறை ஓர் அறையைத் தனியாகப் பராமரித்தது. சுற்றிலும் பூட்டிய கம்பிவேலி, உள்ளே அபாயமணி. மாதந்தோறும் சுமார் 1,00,000 மருந்துச்சீட்டுகள் அந்த அறைக்கு வந்தன. அபின்வழி வலிநிவாரணிகள், மெத்தடோன், ஆம்ஃபிடமின் போன்றவை மருத்துவத்துக்குத் தேவையானவை. கைமாறினால் ஆளை அடிமையாக்குபவை. இவற்றை எழுதும் மருத்துவர் மூன்று படிகள் எழுத வேண்டும் என்று 1972-இல் அந்த மாநிலம் சட்டம் செய்தது. ஒன்று மருத்துவரிடம் இருக்கும், ஒன்று மருந்துக்கடைக்குப் போகும், மூன்றாவது அரசுக்கு. ஆல்பனிக்கு வந்த அந்த மூன்றாம் படியில் நோயாளியின் பெயர், முகவரி, வயது எல்லாம் இருக்கும். விவரங்களைக் காந்த நாடாவில் ஏற்றிவிட்டுச் சீட்டுகளைப் பெட்டகத்தில் வைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து அழித்தார்கள். நாடாக்கள் பூட்டிய அலமாரியில் கிடந்தன. கணினியை இயக்கும்போதுகூட வெளித்தொடர்பு எதுவும் இல்லாமல்தான் இயக்கினார்கள்.

நோயாளிகள் சிலரும் மருத்துவர்களும் வழக்குப் போட்டார்கள். பெயர் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து வலியோடு இருக்கும் நோயாளி மருந்தையே வேண்டாம் என்கிறார், இது நியாயமா என்பது அவர்கள் கேள்வி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1977-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது என்னை நிறுத்துவது சட்ட வாதம் எதுவும் இல்லை, நீதிபதிகள் அக்கறையாகக் குறித்துவைத்த ஓர் எண்ணிக்கை. வழக்கு விசாரணையின்போது அந்தக் கோப்புகளைப் பார்க்க முடிந்த துறை ஊழியர்கள் 17 பேர். அதற்கு மேல் 24 புலனாய்வாளர்கள். அவ்வளவுதான். கம்பிவேலி, அபாயமணி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்: ஒரு மாநிலத்தின் மருந்து ரகசியத்தைக் காக்க அன்றைக்கு அது போதும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இன்றைக்கு அந்த வேலி எங்கே போடுவது? மருந்துச்சீட்டுகள் கணினிக்குள் போனதே எல்லோரும் எளிதில் பார்ப்பதற்காகத்தான். ஊர்க்கோடிக் கிளினிக்கில் இருப்பவரும் நள்ளிரவு அவசரப்பிரிவில் இருப்பவரும் மருந்துக்கடைக் கவுன்டரில் நிற்பவரும் ஒரே பதிவேட்டைத் திறக்க வேண்டும். பதினேழு பேர் என்பது ஆயிரக்கணக்கானவர்களாகிவிட்டது. இவ்வளவு பேருக்குத் திறந்த கதவை எப்படிக் காவல் காப்பது என்பதை ஒரு சின்ன நாட்டை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2010 ஜனவரியிலிருந்து அங்கே மருந்துச்சீட்டு மின்வழியில் எழுதப்படுகிறது. மருத்துவர் தன் கணினியில் எழுதிக் கையொப்பமிட்டதும் அது நாட்டுக்கே பொதுவான மருந்துச்சீட்டு மையத்தில் போய் உட்காரும். நோயாளி கையில் தாள் எதுவும் இல்லை. எந்த ஊர் மருந்துக்கடைக்கும் போய் அடையாள அட்டையை நீட்டினால் மருந்தாளுநர் அந்தச் சீட்டைத் திறந்து மருந்தைக் கொடுப்பார், கொடுத்ததும் பதிவாகும். தாள் சீட்டு இன்று அங்கே அரிதிலும் அரிது. 2019 தொடக்கத்திலிருந்து பக்கத்து நாடான பின்லாந்தின் மின்சீட்டைக் காட்டியே எஸ்டோனியக் கடைகளில் மருந்து வாங்க முடிகிறது.

இதனால் நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு என்ன? ஒரேயொரு உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கும் ஒரு முதியவருக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். இந்த மருந்தில் அளவுதான் எல்லாம். குறைந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம், கூடினால் உள்ளே கசிவு. ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனை எண் பெரும்பாலானோருக்கு 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்காக அவர் மாதக்கணக்கில் ரத்தம் கொடுத்து, அளவை ஏற்றி இறக்கி, ஒரு சமநிலைக்கு வந்திருக்கிறார். இப்போது சிறுநீர்த் தொற்று. வேறொரு மருத்துவரிடம் போகிறார். வார்ஃபரின் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறார், அல்லது "இதய மாத்திரை ஒன்று சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்கிறார். மருத்துவர் கோ-ட்ரைமாக்சசோல் எழுதுகிறார். தொற்றுக்கு அது சரியான மருந்துதான். ஆனால் அதிலுள்ள சல்ஃபாமெத்தாக்சசோல், கல்லீரலில் வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் நொதியின் வேலையைத் தடுத்துவிடுகிறது. மாத்திரையின் அளவு மாறவில்லை. ரத்தத்தில் வார்ஃபரின் ஏறிக்கொண்டே போகிறது. சில நாட்களில் ஐ.என்.ஆர். எகிறும். ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம், துரதிர்ஷ்டம் இருந்தால் மூளையில்.

இங்கே இரு மருத்துவர்களும் தவறான மருந்து எதையும் எழுதவில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பொதுப் பதிவேடு இருந்தால் இரண்டாவது மருத்துவர் சீட்டு எழுதும் கணத்திலேயே மென்பொருள் இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டு எச்சரிக்கும். எஸ்டோனியாவில் இப்படி நாடு முழுமைக்குமான ஒரு பரிசோதனைச் சேவை 2016-இலிருந்து இயங்குகிறது. ஆகவே பதிவேடே வேண்டாம், அந்தரங்கம்தான் முக்கியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெரியாமல் போவதாலும் ஆள் சாகிறார்.

ஆனால் மருந்துப் பட்டியல் எவ்வளவு பேசும் என்பதையும் பார்க்க வேண்டும். நோயின் பெயர் ஓரிடத்திலும் எழுதப்படாத பட்டியலாக இருக்கட்டும். ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் சேர்ந்திருந்தால் காசநோய் என்று யாரும் சொல்லாமலே தெரியும். டைசல்ஃபிராம் என்றால் குடியை விட முயல்கிறார். புப்ரெனார்ஃபின் நாவடி மாத்திரை என்றால் போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்வதாகத்தான் பெரும்பாலும் கொள்ள வேண்டும். லித்தியம் மனநலச் சிகிச்சையைச் சொல்லும். டோலுடெக்ரவிர் எச்.ஐ.வி.யைச் சொல்லும். சில சமயம் பட்டியல் பாதி மட்டும் பேசும், அது இன்னும் ஆபத்து. லெட்ரோசோல் என்ற மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுகிறது, குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கும் கொடுக்கப்படுகிறது. அதைப் பார்த்த ஓர் உறவுக்காரச் செவிலியர் எந்த முடிவுக்கு வேண்டுமானாலும் வரலாம். எந்த முடிவாக இருந்தாலும் அந்தப் பெண் தன் வாயால் சொல்லாத சேதி வீடு போய்ச் சேர்ந்துவிடும். அதிலும் மருந்துப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்கள் யார்? அதைத் திறக்க அனுமதி உள்ள அதே மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும்தான். இந்த விஷயத்தில் ஹேக்கரை நினைத்துப் பயப்படுவதைவிட, உள்ளே இருக்கும் பழகிய முகத்தை நினைத்து விதி எழுதுவது கடினம்.

விதிகளில் முதலாவது, வாசலில் நிற்பவர் யார் என்பது. எஸ்டோனியாவில் மருத்துவர் வெறும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அடித்து உள்ளே போய்விட முடியாது. அடையாள அட்டை வேண்டும், அல்லது அதற்கு இணையான செல்பேசி அடையாளம். அட்டைச் சிப்புக்குள் இரண்டு ரகசியச் சாவிகள் உண்டு. ஒன்று தன்னை நிரூபிக்க, மற்றொன்று கையொப்பமிட. ஒவ்வொன்றுக்கும் தனி பின் எண். இந்தச் சாவிகள் சிப்பைவிட்டு வெளியே வருவதேயில்லை. கணினி ஒரு புதிர் எண்ணை அனுப்பும்; சிப் அதை உள்ளேயே வைத்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பித் தரும். அந்த விடையைப் பொதுச்சாவியால் சோதித்தால், இந்த அட்டையால்தான் அப்படி விடை தர முடியும் என்பது உறுதியாகும். இதில் உள்ள பலன் பாதுகாப்பு மட்டும் இல்லை. "அது நான் இல்லை, யாரோ என் கடவுச்சொல்லைப் போட்டிருப்பார்கள்" என்று பின்னால் சொல்வது கடினமாகிறது.

இதுவும் பிழையற்ற ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். 2017-இல் அட்டைச் சிப்புகளில் சாவி உருவாக்கும் முறையிலேயே ஒரு குறை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 7,50,000 அட்டைகள் பாதிக்கப்பட்டவை. அந்த ஆண்டு நவம்பரில் அரசு அவற்றின் சான்றிதழ்களை ஒரே வீச்சில் நிறுத்திவைத்தது. மருத்துவர்களைப் போல அன்றாட வேலைக்கே அட்டையை நம்பியிருந்தவர்களுக்குப் புதுப்பிப்பதில் முன்னுரிமை கொடுத்தார்கள். மருந்துச்சீட்டு நாடு முழுக்க ஒரு சிப்பில் தொங்கும்போது இப்படி ஒரு நாள் வரும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பதும் விதிகளில் அடங்கும்.

யார் என்பதை அசட்டையாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ச்சுக்கல் ஓர் உதாரணம். லிஸ்பனுக்கு அருகே பரெய்ரோ மருத்துவமனைக் குழுமத்தைத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஆராய்ந்தது. கணினியில் "மருத்துவர்" என்ற தகுதியோடு 985 கணக்குகள் உயிரோடு இருந்தன. அங்கே வேலை பார்த்த மருத்துவர்கள் 296 பேர். மிச்சமெல்லாம் எப்போதோ வந்து போனவர்கள், தற்காலிகமாகப் பணியாற்றியவர்கள் ஆகியோரின் மூடப்படாத கணக்குகள். மருத்துவர் அல்லாத சிலரும் மருத்துவர் பார்ப்பதைப் பார்க்க முடிந்தது. 4,00,000 யூரோ அபராதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். என்னும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த அதே ஆண்டில் நடந்தது இது. ஒருவர் வேலையைவிட்டுப் போகும் நாளில் அவர் சாவியை வாங்கி வைப்பது கணினி அறிவே தேவைப்படாத காரியம். ஆனாலும் மருத்துவமனைகளில் அதிகம் தவறுவது இதுதான் என்று நினைக்கிறேன். புதியவருக்குக் கணக்குத் திறக்காவிட்டால் அவரே வந்து கத்துவார், போனவரின் கணக்கை மூடாவிட்டால் கேட்க ஆளில்லை.

இரண்டாவது விதி, எதற்காகப் பார்க்கிறார் என்பது. மருத்துவராக இருப்பதே பார்ப்பதற்கு உரிமை ஆகிவிடாது. சிகிச்சை அளிப்பதற்காக மட்டுமே திறக்கலாம். பல நாட்டு விதிகளில் இது ஏதோ ஒரு சொல்லில் உண்டு. தன் நோயாளியாக இல்லாத அண்டை வீட்டாரின் பதிவு, மகளுக்குப் பார்த்திருக்கும் வரனின் பதிவு, பிரிந்துபோன கணவரின் பதிவு, செய்தியில் அடிபடும் நபரின் பதிவு இவையெல்லாம் விலக்கப்பட்டவை. மருந்தாளுநருக்கு இன்னும் குறுகிய சாளரம்: மருந்து கொடுக்கத் தேவையான, இன்னும் செல்லுபடியாகும் சீட்டுகள்.

விதி தெளிவு. ஆனால் கணினிக்கு எப்படித் தெரியும், இந்த மருத்துவருக்கும் இந்த நோயாளிக்கும் சிகிச்சை உறவு இருக்கிறதா என்று? முன்பதிவு இருந்தால் ஊகிக்கலாம். வார்டில் படுத்திருந்தால் ஊகிக்கலாம். ஆனால் மருத்துவம் முன்பதிவில் மட்டும் நடப்பதில்லை. விடுப்பில் போன மருத்துவருக்குப் பதிலாக வந்தவர், தொலைபேசியில் ஆலோசனை கேட்கப்பட்ட சிறுநீரக நிபுணர், ஆம்புலன்ஸில் நினைவின்றி வந்தவரைப் பார்க்கும் பயிற்சி மருத்துவர் என்று எத்தனையோ பேர் கணினிக்குத் தெரியாத காரணத்தால் பதிவைத் திறக்க வேண்டியிருக்கும். அவர்களைத் தடுத்தால் வார்ஃபரின் முதியவரின் கதைக்குத் திரும்பிவிடுவோம். சுவீடன் இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. அங்கே 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த தேசிய மருந்துப் பட்டியலை மருத்துவர் பார்க்க நோயாளியின் சம்மதம் வேண்டும். சம்மதம் சொல்ல முடியாத நிலையில் நோயாளி கிடந்தால், உயிருக்குத் தேவையென்றால், சம்மதமின்றியே திறக்கலாம். தீயணைப்பு மணியின் கண்ணாடியை உடைப்பதை வைத்து இந்த ஏற்பாட்டுக்குக் கணினித் துறையில் "கண்ணாடியை உடைத்தல்" என்றே பெயர். உடைத்தவர் காரணம் எழுத வேண்டும், உடைத்தது தனியாகப் பதிவாகும், மறுநாள் ஒருவர் அதைப் பரிசீலிக்க வேண்டும்.

ஆக, கதவை முழுக்கச் சாத்த வழியில்லை. சாத்தினால் நோயாளிக்கே ஆபத்து. அதனால்தான் இந்த ஏற்பாடுகளில் நான் மிகமிக முக்கியமாகக் கருதுவது பூட்டை இல்லை, தடத்தை. திறந்தவர் யார், எந்தப் பதிவு, எந்த நிமிடம், எந்த இடத்திலிருந்து என்பது அழியாமல் எழுதப்பட வேண்டும்; எழுதப்பட்டதை நோயாளி படிக்க முடிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற விதிகளெல்லாம் நல்லெண்ண அறிவுரைகளாகவே நின்றுவிடும். இதை நான் சும்மா சொல்லவில்லை. பின்லாந்தில் ஒரு செவிலியர் இதற்காகப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்.

வழக்குக் கோப்பில் அவர் பெயர் இல்லை, "ஐ" என்ற எழுத்து மட்டும்தான். 1989 முதல் ஓர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் ஒப்பந்தச் செவிலியர். அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது, அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில்தான் 1987-இலிருந்து அவருக்குச் சிகிச்சை. 1992-இன் தொடக்கத்தில், உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தன் நோய் தெரிந்துவிட்டது என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஊழியர் யாரும் நோயாளிப் பதிவேட்டைத் தடையின்றிப் பார்க்க முடிந்தது. தன் மருத்துவரிடம் சொன்னார். அதன் பிறகு, சிகிச்சை அளிப்பவர் மட்டுமே பார்க்கலாம் என்று மருத்துவமனை மாற்றியது. அவருடைய பதிவையும் வேறு பெயருக்கு மாற்றினார்கள். பின்னர் அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

1996-இல் அவர் ஓர் எளிய கேள்வியோடு மாகாண நிர்வாக வாரியத்திடம் போனார்: என் பதிவை யார் யார் பார்த்தார்கள்? மருத்துவமனை ஆவணப் பொறுப்பாளரின் பதில், அதைச் சொல்ல இயலாது என்பது. கணினி கடைசி ஐந்து பார்வைகளை மட்டுமே வைத்திருக்கும். அதிலும் எந்தப் பிரிவு என்றுதான் இருக்கும், எந்த ஆள் என்று இருக்காது. கோப்பு ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும். பார்த்தவர்களைப் பின்னாளில் கண்டறியும் வசதி அந்த மருத்துவமனைக்கு 1998 மார்ச்சில்தான் வந்தது.

அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். யாரும் சட்டவிரோதமாகப் பார்த்தார்கள் என்று நிரூபிக்கவில்லையே என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். நிரூபிக்கத் தேவையான ஒரே சான்று தடப்பதிவு. அதை எழுதிவைக்க வேண்டியது மருத்துவமனை. எழுதிவைக்காத மருத்துவமனை வென்றது, சான்று இல்லாததால் நோயாளி தோற்றார். 2008 ஜூலை 17 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இந்த அநியாயத்தைத் திருத்தியது. நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் வைத்ததே தவறு, யார் பார்த்தார்கள் என்பதைச் சரியாகப் பதிந்து வைத்திருந்தால் அவருக்கு இந்த நிலை வந்திருக்காது, அப்படிப் பாதுகாக்கத் தவறியதன் மூலம் அரசு அவருடைய தனிவாழ்க்கை உரிமையை மீறிவிட்டது என்றது. சட்டம் மட்டும் போதாது, நடைமுறையில் பயன்தரும் பாதுகாப்பு வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். மின்பதிவேடு வடிவமைக்கும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பை ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

எஸ்டோனியாவில் அந்தச் செவிலியரின் கேள்விக்கு இன்று ஒரு குடிமகன் வீட்டிலிருந்தே விடை தேடிக்கொள்ளலாம். நோயாளிக்கான இணையவாசலில் நுழைந்தால், தன் நலவாழ்வுப் பதிவை யார் எப்போது பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. தெரியாத பெயர் இருந்தால் கேட்கலாம், புகார் செய்யலாம். ஆர்வக்கோளாறால் பதிவைத் திறந்த மருத்துவப் பணியாளர்களுக்கு அங்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையம் அபராதம் போட்டதும் உண்டு. அபராதம் பெரிதோ சிறிதோ, என் பெயர் நோயாளியின் கண்ணில் படும் என்ற எண்ணமே விசைப்பலகையில் விரலை நிறுத்திவைக்கும்.

தடப்பதிவையே ஒருவர் திருத்திவிட்டால் என்ன செய்வது? கணினியை நிர்வகிப்பவர் நினைத்தால் ஒரு வரியை அழிக்க முடியாதா? இதற்குக் கணிதத்தில் ஒரு விடை உண்டு. எவ்வளவு நீளமான தகவலையும் ஒரு குறித்த நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் வாய்பாடுகள் இருக்கின்றன, ஹாஷ் என்பார்கள். பரவலாகப் பயன்படும் ஒன்றில் அந்த எண் 256 பிட் நீளம். தகவலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். எண்ணிலிருந்து தகவலை மீட்கவும் முடியாது. தடப்பதிவின் ஒவ்வொரு வரியையும் சுருக்கும்போது, அதற்கு முந்தைய வரியின் சுருக்கெண்ணையும் சேர்த்தே சுருக்குகிறார்கள். மளிகைக்கடைப் பேரேட்டில் முந்தைய பக்கக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத் தலையில் எழுதித் தொடங்குவார்களே, அதைப் போல. பழைய பக்கம் ஒன்றில் கை வைத்தால் அதற்குப் பிறகு உள்ள ஒவ்வொரு பக்கக் கூட்டும் இடிக்கும். எல்லாப் பக்கத்தையும் சேர்த்துத் திருத்திவிடலாமே என்றால், அதற்கும் ஒரு தடை போட்டார்கள். அவ்வப்போது வரும் மொத்தச் சுருக்கெண்ணை வெளியில் பலர் கையில் கொடுத்துவிடுவது. 2016-இல் எஸ்டோனிய மின்நலவாழ்வு அமைப்பு இதற்காகக் கைகோத்த கார்ட்டைம் என்ற உள்நாட்டு நிறுவனம், அப்படிப்பட்ட எண்ணை அச்சுப் பத்திரிகையில் வெளியிடும் வழக்கமுள்ளது. நூலகங்களில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை யாராலும் திரும்ப வாங்கி மாற்றி அச்சடிக்க முடியாது.

ஆனால் எழுதிவைத்தால் மட்டும் போதுமா, யாராவது படிக்க வேண்டாமா? நெதர்லாந்தின் தி ஹேக் நகரிலுள்ள ஹாகா மருத்துவமனையில் 2018-இல், தொலைக்காட்சியால் பிரபலமான ஒருவர் அனுமதிக்கப்பட்டபோது, சிகிச்சையில் எந்தப் பங்கும் இல்லாத பல பத்து ஊழியர்கள் அவர் பதிவைத் திறந்து பார்த்தார்கள். தடப்பதிவு இருந்தது, அதனால்தான் சம்பவம் தெரியவந்தது. ஆனால் அதை ஒழுங்காகச் சோதிக்கும் பழக்கம் இல்லை, உள்ளே நுழைய இரட்டைச் சரிபார்ப்பும் இல்லை என்று கண்ட அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. பின்னர் நீதிமன்றம் அதை 3,50,000-ஆகக் குறைத்தது. பிரபலத்தின் பதிவை நாற்பது ஐம்பது பேர் பார்த்தால் கண்ணில் படும். ஒரு சாதாரணப் பெண்ணின் பதிவை அவள் நாத்தனார் ஒருத்தி மட்டும் ஒரே ஒரு முறை பார்த்தால்? அதைப் பிடிக்க மென்பொருள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பார்த்தவருக்கும் பார்க்கப்பட்டவருக்கும் ஒரே குடும்பப்பெயரா, ஒரே தெருவா, பார்க்கப்பட்டவர் அதே மருத்துவமனை ஊழியரா, அன்றைக்கு அவருக்கு எங்காவது சிகிச்சை நடந்ததா, பார்த்தவர் அன்று பணியில் இருந்தாரா என்று ஒன்றோடொன்று பொருத்தி, சந்தேகமான சிலவற்றை ஒரு மனிதர் முன் வைக்க வேண்டும். நோயாளியே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நியாயமில்லை. மனநோயில் இருப்பவர், இணையம் தெரியாத முதியவர், முதியோர் இல்லத்தில் படுத்தபடுக்கையாகக் கிடப்பவர் ஆகியோரின் மருந்துப் பட்டியல்தான் நீளமானது. தடத்தைப் படிக்க முடியாதவர்களும் அவர்களே.

நோயாளி தன் பதிவைத் தானே பூட்டிவைக்கும் வசதியும் எஸ்டோனியாவில் உண்டு. இதைப் பற்றி எனக்கு இரு மனம். உரிமை என்ற முறையில் அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் எதைப் பூட்டத் தோன்றும்? மனநல மருந்து, எச்.ஐ.வி. மருந்து, போதை மீட்பு மருந்து. மற்ற மருந்துகளோடு மோதும் வாய்ப்பு அதிகமுள்ள மருந்துகளில் பல இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. லித்தியம் சாப்பிடுபவருக்கு ஒரு சாதாரண மூட்டுவலி மாத்திரை, உதாரணமாக இபுப்ரோஃபென், ரத்தத்தில் லித்தியத்தை விஷ அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். பூட்டிய பதிவு எழுதுபவருக்கு இதைச் சொல்லாது. ஆகவே பூட்டும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, பூட்டினால் எந்த எச்சரிக்கை வராமல் போகும் என்று நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும். ஒருவர் பூட்டுகிறார் என்றாலே பார்ப்பவர்கள்மேல் அவருக்கு நம்பிக்கை குறைந்திருக்கிறது என்றும் பொருள்; தடப்பதிவு நன்றாக இயங்கும் இடத்தில் பூட்டும் தேவை குறையும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய நாட்டிலேயே ஓட்டை எதிர்பாராத இடத்தில் வந்தது. மருத்துவர் பக்கத்திலிருந்தோ நிர்வாகி பக்கத்திலிருந்தோ இல்லை. எஸ்டோனியாவில் ஒருவர் மருந்தை இன்னொருவர் வாங்கிவரலாம். காய்ச்சலில் கிடக்கும் அம்மாவுக்காக மகன் கடைக்குப் போய் அம்மாவின் அடையாள எண்ணைச் சொன்னால் மருந்து கிடைக்கும். இது இல்லாமல் நோயாளிக் குடும்பம் எதுவும் ஓடாது. சீட்டுகளில் மூன்று வகை வைத்திருக்கிறார்கள்: எண்ணைத் தெரிந்த யாரும் வாங்கக்கூடியது, நோயாளி குறிப்பிட்ட ஆள் மட்டும் வாங்கக்கூடியது, நோயாளி தானே வாங்க வேண்டியது. பிறகு மருந்துக்கடைகள் இணையத்துக்கு வந்தன. மகன் கவுன்டரில் சொன்ன அதே எண்ணை வீட்டில் உட்கார்ந்து தட்ட முடிந்தது. "அவர் சம்மதம் எனக்கு இருக்கிறது" என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தால், அவருடைய நடப்புச் சீட்டுகள் திரையில் விரிந்தன. அந்த அடையாள எண் 11 இலக்கம். முதல் இலக்கத்தில் பாலினமும் நூற்றாண்டும், அடுத்த ஆறில் பிறந்த தேதி. ரகசியமாக வைப்பதற்கென்று உருவான எண்ணே இல்லை அது. மேலதிகாரிக்குத் தெரியும், முன்னாள் கணவருக்குத் தெரியும். 2020 டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மூன்று இணைய மருந்துக்கடைகளுக்கு உத்தரவிட்டது: உரியவரின் உண்மையான சம்மதம் உறுதியாகாமல் பிறருடைய சீட்டைக் காட்டக் கூடாது, மீறினால் 1,00,000 யூரோ.

கவுன்டரில் ஒரு மருந்தாளுநர் நிற்கிறார். எண்ணைச் சொல்பவரின் முகத்தைப் பார்க்கிறார், எந்த மருந்து வாங்க வந்தீர்கள் என்று கேட்கிறார், தயங்கினால் சந்தேகப்படுகிறார். எந்த விதிப்புத்தகத்திலும் எழுதப்படாமல் அவர் செய்துவந்த அந்த வேலை, திரைக்கு மாறியபோது யார் கணக்கிலும் வராமல் கழன்றுவிட்டது. சீட்டின் மூன்று வகைகளும் இருக்கத்தான் செய்தன, ஆனால் தனக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாத நோயாளி எதையும் மாற்றப் போவதில்லை. சீட்டு எழுதும் மருத்துவர் அந்தக் கணத்திலேயே கேட்டுவிடலாம்: இதை நீங்களே வாங்கிக்கொள்கிறீர்களா, வீட்டில் யாராவது வாங்குவார்களா, யாருக்கும் தெரியக் கூடாதா? மருத்துவரிடம் நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். மனநல மருந்தையோ எச்.ஐ.வி. மருந்தையோ எழுதும்போதாவது கேட்கட்டும். மற்றவற்றுக்கு நோயாளியே வாங்க வேண்டியது என்பதை இயல்பு நிலையாக வைத்துவிட்டு, அம்மாவுக்காக மகன் வாங்குவதை அம்மாவே ஒரு முறை அனுமதித்துவிட்டால் வேலை முடிந்தது.